நூலகப் படக்கதைகளில் நம் பிள்ளைகள் எங்கே?

பள்ளி நூலகத்துக்கு எந்தப் படக்கதையை வாங்குவது என்பது சின்ன விசயமாகத் தோன்றலாம். நாம் அப்படிப் பார்க்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை அலமாரியில் முதலில் எடுப்பது படம் போட்ட புத்தகத்தைத்தான். யார் சிவப்பாக இருக்கிறார்கள், யார் கறுப்பாக இருக்கிறார்கள், யார் பேசுகிறார்கள், யார் கைகட்டி நிற்கிறார்கள் என்பதை எழுத்துக்கு முன்பே அந்தப் பிள்ளை படித்துவிடுகிறது.

1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதையை எடுத்துக்கொள்வோம். தேவர்களுக்கும் அரசர்களுக்கும் பெரும்பாலும் வெளுத்த மேனி. அசுரர்களுக்குக் கறுத்த உடம்பு, துருத்திய பல். அதே வரிசையில் 1979இல் அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையும் வந்தது. வரவேற்போம். ஆனால் இதழ் இதழாக நிறத்தை வைத்து நல்லவன், கெட்டவன் என்று காட்டிவிட்டு, ஓர் இதழில் அம்பேத்கரைச் சேர்த்தால் கணக்கு நேராகிவிடுமா?

2011இல் நவயானா வெளியிட்ட ‘பீமாயணம்’ என்ற கிராஃபிக் நாவல் வேறு வழியைக் காட்டியது. ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுத, பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தார்கள். பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன், வேலைக்குப் போன பரோடாவில் தங்க இடம் கிடைக்காத படித்த இளைஞர் என அம்பேத்கரின் அனுபவங்களே கதை. உருவங்களைக் கட்டங்களுக்குள் அடைக்க ஓவியர்கள் விரும்பவில்லை. சாதித் திமிரோடு வரும் பேச்சுக்குத் தேள் கொடுக்கு; ஒடுக்கப்பட்டவரின் பேச்சுக்குப் பறவையின் வடிவம். சொல் எப்படிக் கொட்டும் என்று பிள்ளைக்கு விளக்க அந்தப் படமே போதும். இந்த நூல் தமிழிலும் வந்திருக்கிறது. நம் ஊர் நூலகத்தில் இருக்கிறதா?

இருக்காது என்றால் அதற்குச் சொல்லப்படும் காரணம் நமக்குத் தெரியும்: “சின்னப் பிள்ளைகளிடம் எதற்குச் சாதியைப் பற்றிப் பேச வேண்டும்?” இதே குரல் உலகெங்கும் கேட்கிறது. யூதப் படுகொலையில் தப்பிய தன் தந்தையின் கதையை ஆர்ட் ஸ்பீகல்மேன் ‘மாஸ்’ என்ற நூலாக வரைந்தார். 1992இல் அதற்குப் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு பள்ளி வாரியம் அதைப் பாடத்திலிருந்து நீக்கியது. சில கெட்ட வார்த்தைகளும் ஒரு நிர்வாணப் படமும் காரணமாகச் சொல்லப்பட்டன. படுகொலையைவிட வசைச் சொல் பெரிதாகிவிட்டது.

நம் பிள்ளைகளுக்குச் சாதி தெரியாது என்பது பொய். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளி மாணவர்கள். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில் சாதியைக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு, அதற்கு எதிரான பாடத்தை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

வயது பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ‘பீமாயணம்’ கயர்லாஞ்சிப் படுகொலையையும் தொட்டுச் செல்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் அதைத் தனியாகக் கொடுத்துவிட முடியாது. உயர்நிலை வகுப்பில் ஆசிரியர் உடனிருந்து பேச வேண்டிய நூல் அது. வயதுக்கேற்ப அடுக்குவது வேறு, பீரோவில் வைத்துப் பூட்டுவது வேறு.

அடிபடும் கதைகள் மட்டும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். சேரிப் பிள்ளை துப்பறியட்டும், கபடியில் ஜெயிக்கட்டும், விண்வெளிக்குப் போகட்டும், சும்மா சிரித்து விளையாடட்டும். நம்மை எப்போதும் பாவமாகவே காட்டும் புத்தகம் இரக்கத்தைத்தான் வளர்க்கும், சமத்துவத்தை வளர்க்காது. ஊர்த்தெருப் பிள்ளைகளும் இந்தக் கதைகளைப் படித்தாக வேண்டும்.

தோழர்களே, தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948லேயே வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அது நம் பணமும்தான். எனவே உங்கள் பகுதி நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேருங்கள். சிறுவர் பகுதியில் உள்ள படக்கதைகளை எடுத்துப் புரட்டுங்கள். கறுத்த முகம் யாருக்கு? பெயரும் பேச்சும் யாருக்கு? எழுதியவர்களிலும் வரைந்தவர்களிலும் நம்மவர் எத்தனை பேர்? கண்டதைக் குறித்துக்கொண்டு, வாங்க வேண்டிய நூல்களின் பட்டியலோடு நூலகரிடம் எழுத்துப்பூர்வமாக மனுக் கொடுங்கள். நூல்களைத் தேர்வு செய்யும் குழுக்களில் தலித், பழங்குடி ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் ஓவியர்களும் இடம்பெற வேண்டும் என்று கேளுங்கள். சாதியைப் பேசாத அலமாரி நடுநிலையானது என்று யாராவது சொன்னால், அங்கே வெளுத்த மேனியோடு நிற்கும் அரசர்களைக் காட்டுங்கள்.