பின்வளவு வெயிலும் விற்றமின் டியும்



நம் நாட்டில் வெயிலுக்கா பஞ்சம்? ஆயினும் எலும்பு நோகிறது, படியேறினால் தொடை சோர்கிறது என்று வைத்தியரிடம் செல்லும் பெண்களுள் சிலருக்கு, இரத்தத்தைச் சோதித்தால் விற்றமின் டி குறைந்திருக்கிறது. உடனே "பர்தாதான் காரணம்" என்று தீர்ப்புச் சொல்வோரும் உண்டு. பர்தா அணியாது நாள் முழுதும் அலுவலகத்தினுள் அமர்ந்திருப்போருக்கும் இக்குறை வருவதை அவர்கள் கவனிப்பதில்லை. தோலில் வெயில் படாமைதான் விடயம். அதை நம் வளவுக்குள்ளேயே சரிசெய்துகொள்ளலாம்.

வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டதும் தோலில் இது உருவாகி, ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்த பின்பே வேலைக்கு வருகிறது. உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்ச உதவுவதே அதன் முதல் வேலை. இது குறைந்தால் பாலும் நெத்தலியும் எவ்வளவு உண்டும் முழுப்பயன் கிட்டாது. பிள்ளைகளுக்குக் கால் வளையும் ரிக்கெற்ஸ் நோய் வருவதும் இதனால்தான்.

காலை இளவெயிலே போதும் என்பது நம் வீடுகளில் பழகிப்போன பேச்சு. வெயில் சாய்ந்து விழும் அவ்வேளையில் இதற்கு வேண்டிய கதிர் மிகச் சொற்பம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாகத் தெரியும் நேரமே ஏற்றது. யன்னற் கண்ணாடியும் இக்கதிரை மறித்துவிடும். எனவே அந்நியர் பார்வை படாத பின்வளவில் உடுப்புக் காயப்போடும்போது, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, முக்காட்டைத் தளர்த்தி, கால் மணி நேரமளவு நில்லுங்கள். வாரத்தில் சில நாட்கள் செய்தால் நல்லது. கறுத்த தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். தோல் எரியுமளவுக்கு நிற்க வேண்டாம்.

உணவில் சாளை போன்ற கொழுப்புள்ள மீன்களே முதன்மை. முட்டை மஞ்சட்கருவில் சிறிதளவு உண்டு, மரக்கறியில் அநேகமாக இல்லை. கொட் மீனின் ஈரல் எண்ணெய் ரிக்கெற்ஸைக் குணமாக்குவதை ஆராய்ந்தபோதுதான் 1922இல் மக்கொலம் குழுவினர் இந்த விற்றமினை இனங்கண்டனர். அவ்வெண்ணெயில் விற்றமின் ஏயும் மிகுதி. கர்ப்பிணிகள் தாமாக அருந்தக் கூடாது.

இரண்டாண்டு பாலூட்டும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. தாய்ப்பாலுக்கு நிகரில்லை, ஆனால் விற்றமின் டி அதில் குறைவு. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2008 முதல் பால்குடிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 400 அலகு சொட்டுமருந்தைப் பரிந்துரைக்கிறது. கைக்குழந்தையைக் கடும் வெயிலில் கிடத்தாமல், இதுபற்றி கிளினிக்கில் கேளுங்கள். போத்தலுக்குப் போத்தல் செறிவு வேறுபடுவதால் அளவையும் அங்கேயே கேட்டறியுங்கள். அயல்வீட்டார் விழுங்கும் பெரிய குளிசையை வாங்கி நீங்களும் விழுங்க வேண்டாம். வெயிலால் இது மிஞ்சுவதில்லை, குளிசையால் மிஞ்சும். மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.