தோட்டக் கேட்டோடு நின்றுவிடக் கூடாது தண்ணீர் லோரி

பிரேசர் மலைக்கு ஏறும் சாலையில் வண்டியை நிறுத்திப் பார்த்தால் சிலாங்கூர் ஆற்று அணை கண் நிறையத் தெரியும். 2014 வறட்சியில் அதன் நீர்மட்டம் 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியபோது, கரையெங்கும் செம்மண் பட்டை பட்டையாக வெளியே கிடந்தது. அந்த மார்ச், ஏப்ரல் மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகளில் இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் வெறும் குழாய். தலைநகர் தவித்ததும் அதிகாரம் அசைந்தது. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் இன்னமும் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவின் பழைய ஈயக்குட்டைகளிலிருந்து ஆற்றுக்குத் தண்ணீர் இறைத்தார்கள்.

மனம் வைத்தால் துறைகள் சேர்ந்து இயங்கும். அந்த வேகம் அணைக்குப் பக்கத்திலேயே இருக்கும் உலு சிலாங்கூரின் கெர்லிங் வட்டாரத் தோட்டங்களுக்கும் வேண்டும் என்று கேட்கிறோம்.

வறட்சி வந்தால் யார் பொறுப்பு? ஆற்றையும் அணையையும் கண்காணிப்பது மாநில நீர் நிர்வாக வாரியமான லுவாஸ். சுத்திகரித்துக் குழாயில் அனுப்புவது ஆயர் சிலாங்கூர். வயலுக்கு நீர் பாய்ச்சுவது வடிகால் நீர்ப்பாசனத் துறை. பேரிடர் என்று வந்துவிட்டால் இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டியவர் மாவட்ட அதிகாரி. மாவட்டப் பேரிடர் நிர்வாகக் குழுவின் தலைமை அவரிடம்தான் இருக்கிறது.

ஆனால் தோட்டம் தனியார் நிலம். கேட்டுக்கு உள்ளே ஓடும் குழாய் நிர்வாகத்தின் குழாய். அழுத்தம் குறைந்தால் மேட்டு லயங்களில்தான் முதலில் காற்று வரும். வாசலில் வரிசையாக நிற்கும் நீலத் தோம்புகளில் அடித்தண்ணீரைச் சொம்பால் வழித்தெடுக்கும் பாட்டிக்கு, அது யார் குழாய் என்ற கணக்கு எதற்கு?

1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம், தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய் நீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது தொழிலாளரைப் பற்றியது. பால்மரம் சீவி, செம்பனைக் குலை அறுத்து, ஓய்வு பெற்ற பிறகும் போக இடமின்றி அதே லயத்தில் இருக்கும் குடும்பங்கள் எந்தப் பட்டியலில்? நிர்வாகத்துக்கு அவர்கள் வேலையாட்கள் அல்லர். நகராண்மைக் கழகத்துக்கோ தனியார் நிலத்துவாசிகள். ஓட்டுப் போட்டு மாற்றவும் வழியில்லை. ஊராட்சித் தேர்தல் 1965-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

ஆகவே அணை 60 விழுக்காட்டுக்கு இறங்கும் அன்றே மாவட்டக் குழு கூட வேண்டும் என்கிறோம். 40 வரை காத்திருப்பது தாமதம். தொழிலாளர் துறை, தோட்ட நிர்வாகிகள், லயத்து மக்களின் பிரதிநிதி ஒருவர் ஆகியோருக்கும் அந்தக் கூட்டத்தில் நாற்காலி வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் எத்தனை வீடு, பொதுத்தொட்டி எங்கே, செம்மண் சாலையில் லோரி எதுவரை ஏறும், டயாலிசிஸ் செய்துகொள்பவர் யார், கைக்குழந்தை எந்த வீட்டில் என்ற விவரங்களை இப்போதே எழுதி வைக்கலாம். ஒரு மாத வேலைகூட இல்லை.

சிலாங்கூர் ஆறு உலு சிலாங்கூரில் தொடங்கிக் கோலசிலாங்கூரில் கடலில் சேர்கிறது. மேலே திறப்பதும் கீழே இறைப்பதும் ஒரே ஆற்றுக் கணக்கு. இரு மாவட்ட அதிகாரிகளும் அந்தத் தோட்ட விவரப் பட்டியலோடு அடுத்த வெயிலுக்கு முன்பே சேர்ந்து உட்காரட்டும். முதல் கூட்டத்தைக் கெர்லிங் தோட்டம் ஒன்றின் மண்டபத்திலேயே வைக்கட்டும்.