தேர்ப்பவனி திரும்பாத தெரு

உலகக் கிறித்தவ வரலாற்றில் திண்டிவனத்துக்கு ஓர் இரவால் இடம் கிடைத்தது. 1890களின் தொடக்கத்தில் அங்கே மிஷன் மருத்துவராக இருந்த இரண்டாம் ஜான் ஸ்கடரின் வீட்டுக்கு அடுத்தடுத்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு சாதி இந்து. மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று ஜானின் மகள் ஐடாவைக் கூப்பிட்டார்கள். அவருக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்காவில் மருத்துவம் படித்துவிட்டு 1900இல் திரும்பிய ஐடா தொடங்கிய பணிதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. தொண்டுக்கு உதாரணமாகவே இந்தக் கதை சொல்லப்படுகிறது. அதன் சாரம் வேறு என்று நினைக்கிறேன். ஐடா வந்தவர்களின் வழக்கத்தைக் கண்டித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. அந்த வீடுகளுக்குள் போக எது தேவையோ அதற்காகத் தன் வாழ்க்கைத் திட்டத்தையே மாற்றிக்கொண்டார். அந்நியரை ஏற்பவர் தன் பக்கத்தில் எதையாவது மாற்றியாக வேண்டும். எதுவும் மாறாமல் கொடுப்பது தானம். அது நல்லதுதான், ஆனால் வரவேற்பு ஆகாது.

இந்த அளவுகோலை எறையூரில் வைத்துப் பார்க்கலாம். உளுந்தூர்பேட்டைக்கு அருகிலுள்ள இந்த ஊர் 2008இல் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 பிரிவினைக்குப் பிறகு கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. செபமாலை அன்னை ஆலயம் அங்குள்ள பழைய பங்குக் கோயில். தங்களுக்குத் தனிக் கல்லறை, ஆலயத்தில் தனி இடம், ஆலயத்துக்குப் போகும் முதன்மைத் தெருவில் தங்கள் சவ ஊர்வலத்துக்குத் தடை என்பவை தலித் கிறித்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த புகார்கள். கடைசியில் அவர்கள் தாங்களே கட்டிய சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்களுக்கும் ஊரின் வன்னியக் கிறித்தவர்களுக்கும் இடையே மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த இருவரும் வன்னியக் கிறித்தவர்கள். ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் நடந்த சண்டை இது. இதற்கு மாறான காட்சியும் உண்டு. இதே பகுதியில் மரக்காணத்தை ஒட்டிய கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் கிறித்தவ அமைப்புகள் பல ஆண்டுகள் மனமுவந்து உழைத்திருக்கின்றன. கடல் தாண்டி வந்தவரை ஏற்பது எளிது, அவருக்காக ஊரின் பழைய வரிசை எதையும் கலைக்க வேண்டியதில்லை. காலனியிலிருந்து நடந்து வருபவரை ஏற்றால் அந்த வரிசை கலைந்துவிடும்.

இது நேற்று முளைத்த சிக்கல் அல்ல. புதுச்சேரி தேவாலயத்துக்குள் தலித்துகளைப் பிரித்து வைத்த சுவர் 1745இல் அவர்களின் முறையீட்டுக்குப் பிறகு இடிக்கப்பட்டதையும், சாதிக் கிறித்தவர்கள் கொதித்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். எறையூர் இன்று அந்தப் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தில்தான் வருகிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணம், நாட்டின் 1.9 கோடி கத்தோலிக்கர்களில் ஏறக்குறைய 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்கிறது. அப்படியென்றால் இங்கே வீட்டுக்காரர் யார், விருந்தாளி யார்?

சாதிக்கொரு பங்கு கொடுத்தால் திருச்சபையே சாதியைப் பதிவு செய்தது போலாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. கொள்கையளவில் நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கொள்கை தனிப் பங்கு கேட்டவர்களிடம் மட்டுமே ஏன் சொல்லப்படுகிறது? இரண்டு கல்லறைகள் இருந்த காலமெல்லாம் அது எங்கே போயிருந்தது? பொதுவானது பொதுவாக இருந்திருந்தால் தனியானதைக் கேட்டிருக்க மாட்டார்கள். இன்னொரு வாதம், சாதி சமூகத்தின் நோய், ஆயர் ஒருவரால் அதைத் தீர்க்க முடியாது என்பது. இதற்கு ஓர் ஒப்பீடு உதவும். விழுப்புரம் அருகே மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைந்ததால் 2023இல் தகராறு வந்தது. வருவாய்த் துறை கோயிலுக்கு சீல் வைத்தது, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. அங்கே ஊரையே கட்டுப்படுத்தும் சமயத் தலைமை எதுவும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபைக்கு இருக்கிறது. ஆலயத்துக்குள் சென்று வழிபடும் உரிமை இறைமக்கள் எல்லோருக்கும் உண்டு என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1214ஆம் விதி சொல்கிறது. பங்கை அமைப்பதும் பங்குத்தந்தையை நியமிப்பதும் ஆயரின் அதிகாரம். கையில் இவ்வளவு இருந்தும் ‘சமூகம் இன்னும் பக்குவப்படவில்லை’ என்பது சாக்குப்போக்கு. அவசரப்பட்டால் ரத்தம் சிந்தும் என்ற அச்சத்தை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். எறையூரே அதற்குச் சாட்சி. ஆனால் அங்கே ரத்தம் சிந்தியது அவசரத்தால் அல்ல, பல ஆண்டுத் தள்ளிப்போடலுக்குப் பிறகு.

விவிலியத்தில் இதற்கு நேரான பகுதி நல்ல சமாரியர் உவமை அல்ல, யாக்கோபு திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம். பொன் மோதிரக்காரருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் காலடியும் காட்டும் சபையை அது கண்டிக்கிறது. அதாவது, விசுவாசம் உட்காரும் இடத்தில் சோதிக்கப்படுகிறது. எனவே ஒரு பங்கின் விருந்தோம்பலை அளக்க கிறிஸ்துமஸுக்கு ஏழைகளுக்குக் கொடுக்கும் புடவைகளின் கணக்கு போதாது. வாசகம் வாசிப்பவர் யார், நிதிக்குழுவில் இருப்பவர் யார், கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனை வாசல், திருவிழாத் தேர்ப்பவனி எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்று பார்க்க வேண்டும். இவற்றை மறைமாவட்டம் ஆண்டுதோறும் பங்குவாரியாகக் கேட்டு எழுதி வாங்கிப் பகிரங்கமாக வெளியிடலாம். தவறும் பங்கில் அந்த ஆண்டுத் திருவிழாவுக்கு ஆயர் போகாமல் இருக்கலாம். அதற்கு எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் தேவையில்லை.