பாட்டறைச் சுவர் ஏன் வியர்க்கிறது?

புலம்பெயர்ந்த நாடுகளில் எமது பிள்ளைகள் மிருதங்கமும் வயலினும் வாய்ப்பாட்டும் பயில்வது வழமையாகிவிட்டது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் ஆசிரியர்களிடம் இணையவழியே பாடம் கேட்போர் உளர். படுக்கையறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிப் பாடல் வெளியிடும் இளைஞரும் உளர். இவர்கள் எல்லோரையும் வாட்டுவது அயலவரின் முறைப்பாடு. யேர்மனியின் மாடிக்குடியிருப்பு ஒன்றில் மிருதங்கம் ஒலித்தால் கீழ்வீட்டுக்காரர் மணியை அழுத்த நெடுநேரம் ஆகாது.

உடனே பெற்றோர் செய்வது என்ன? பழைய மெத்தையைச் சுவரில் சாத்துகின்றனர். தடித்த கம்பளங்களைத் தொங்கவிடுகின்றனர். முட்டை அட்டைகளை ஒட்டுகின்றனர். கதவிடுக்கையும் யன்னலிடுக்கையும் பஞ்சால் அடைக்கின்றனர். தை மாதத்தில் மெத்தையை விலக்கிப் பார்த்தால் சுவரில் கரும்புள்ளிகள் படர்ந்திருக்கும். பூஞ்சணம்! தொய்வு நோயுள்ள பிள்ளை அதே அறையில் உறங்குமாயின் நிலைமை எத்தகையது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

முதலிற் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். ஏனெனில் எம்மவருட் பலர், முறைப்பாடு வந்த மறுநாளே பிள்ளையின் வாத்தியத்தை உறையிலிட்டு அலுமாரியின் மேல் வைத்துவிடுகின்றனர். அது வேண்டாத அச்சம். அவுக்ஸ்பூர்க் நகரில் எக்காளம் வாசிக்கும் ஒருவருக்கும் அவருடைய அடுத்த வீட்டாருக்கும் எழுந்த வழக்கில், யேர்மனியின் கூட்டாட்சி உயர்நீதிமன்றம் 2018 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது. வீட்டில் இசை பயில்வது இயல்பான வாழ்வின் பகுதி. அதை முற்றாகத் தடைசெய்ய இயலாது. வேலைநாட்களில் இரண்டு முதல் மூன்று மணி நேரமும், ஞாயிறு, விடுமுறை நாட்களில் ஒன்று முதல் இரண்டு மணி நேரமும் என்பதை ஒரு பொது அளவாக அந்நீதிமன்றம் சுட்டியது. இரவு ஓய்வு நேரம் காக்கப்படவேண்டும். வீட்டு விதிகளில் மதிய ஓய்வு நேரம் குறிக்கப்பட்டிருந்தால் அதையும் மதித்தல் நன்று.

இனிச் சுவருக்கு வருவோம். நாம் கலைப்பட்டதாரி, பௌதிகவியல் எமது பாடமன்று. ஆயினும் இவ்விடயம் ஒரு குளிர்ந்த செம்பை நினைத்தாலே விளங்கும். குளிர்நீர் நிரம்பிய செம்பின் வெளிப்புறத்தில் துளிகள் திரள்வது, செம்பு ஒழுகுவதால் அன்று. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பைத் தொட்டு நீராவதால். 20 பாகை வெப்பமுள்ள காற்று கன மீற்றருக்கு ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும்; 0 பாகையில் 5 கிராம்கூடத் தாங்காது. அறையின் ஈரப்பதன் 50 வீதமாயின், 9 பாகையளவில் உள்ள பரப்பிலே துளி கட்டும். பூஞ்சணமோ துளிக்காகவும் காத்திருப்பதில்லை. சுவரின் பரப்பு நாட்கணக்கில் 12 அல்லது 13 பாகைக்குக் கீழே கிடந்தாலே அதற்குப் போதுமானது.

ஊரிலே எமது வீடுகளின் நடுமுற்றத்தால் காற்று ஓடித் திரிந்தது. சுவருக்கு இரு புறமும் ஒரே வெப்பம். இங்கே சுவரின் ஒரு முகம் 20 பாகையிலும் மறுமுகம் உறைநிலைக்குக் கீழும் நிற்கிறது.

36 சென்ரிமீற்றர் தடிப்பான பழைய செங்கற்சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியே கழித்தல் 5 பாகை, உள்ளே 20 பாகை எனில், சுவரின் உள்முகம் ஏறத்தாழ 15 பாகையில் இருக்கும். அதன்மேல் 5 சென்ரிமீற்றர் கனிமக் கம்பளியைப் பொருத்தினால், கம்பளிக்குப் பின்னாலுள்ள செங்கல் 2 பாகைக்கு இறங்கிவிடும். அறையின் சூடு சுவரைச் சென்றடையாமற் கம்பளி தடுத்துவிடுகிறது. நீராவியையோ அது தடுப்பதில்லை. சாத்திய மெத்தையும் ஒட்டிய அலுமாரியும் செய்வது இதையேதான்.

அடைத்த அறையில் வேறொன்றும் நிகழ்கிறது. 12 சதுர மீற்றர் அறையில் பிள்ளையும் தாயும் ஒரு மணி நேரம் பாடினால், அவர்களின் மூச்சாலும் வியர்வையாலும் 100 கிராமுக்கும் மேற்பட்ட நீர் காற்றிற் சேரும். வெளியேற வழியில்லையெனில் 50 வீத ஈரப்பதன் 70 வீதத்தைத் தொட்டுவிடும்.

இத்தனைக்கும் அந்த மெத்தை சத்தத்தை அடக்கியதா என்றால், அதுவுமில்லை. முட்டை அட்டை அறைக்குள் எழும் எதிரொலியைச் சற்றுக் குறைக்குமேயன்றி வெளியே செல்லும் ஒலியைத் தடுக்காது. தீப்பற்றும் ஆபத்து வேறு. ஒலியைத் தடுப்பது பாரம். இடுக்கில்லாத மூடலும் அதனோடு வேண்டும். கதவின் அடியில் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தால், கதவு எவ்வளவு கனமானதாயினும் 23 டெசிபெல்லுக்கு மேல் தடுக்கமாட்டாது. மிருதங்கத்தின் அடியோ காற்றுவழி மட்டுமன்றித் தரைவழியாகவும் இறங்குகிறது. சுவர் முழுவதும் கம்பளம் தொங்கவிட்டாலும் கீழ்வீட்டுக்காரர் மணியை அழுத்துவது அதனாற்றான்.

ஆகவே தரையிலே தொடங்குங்கள். சலவை இயந்திரத்தின் கீழ் இடும் தடித்த இறப்பர் விரிப்பைப் பரப்பி, அதன்மேல் கனமான ஒட்டுப்பலகையை வைத்து, பலகையின்மேல் பாய் விரித்துப் பிள்ளையை இருத்துங்கள். பலகை எந்தச் சுவரையும் தொடக்கூடாது. தொட்டால் அதிர்வு சுவருக்குத் தாவிவிடும். பயிற்சிக்கு வெளிச்சுவர் குறைந்த அறையைத் தெரிவுசெய்யுங்கள். அயலவரோடு பங்கிடும் உட்சுவர் இரு புறமும் சூடாக இருப்பதால், புத்தகம் நிறைந்த அலுமாரியை அதனருகே வைக்கலாம். புத்தகத்தின் பாரம் ஓரளவு உதவும். வெளிச்சுவரை வெறுமையாக விடுங்கள். அங்கே தளபாடம் வைத்தே ஆகவேண்டுமெனில் 5 முதல் 10 சென்ரிமீற்றர் விலக்கி வையுங்கள். கதவின் அடிக்கு இறப்பர்ப் பட்டி போதும். பாடம் முடிந்ததும் கதவைத் திறந்துவிட வேண்டும்.

சொந்த வீடு வாங்கி நிரந்தரக் கூடம் கட்டுவோர், வெளிச்சுவரின் உட்புறத்திற் கம்பளியும் ஜிப்சம் பலகையும் பொருத்தும் எண்ணம் கொண்டால், நீராவித் தடுப்புத் தாளைக் கம்பளியின் சூடான பக்கத்தில், அதாவது அறைப்பக்கத்தில், இடுக்கின்றி ஒட்டவேண்டும். மின்செருகிக்காகப் போடும் ஒரு துளையே அத்தனை வேலையையும் கெடுத்துவிடும். இதை ஞாயிற்றுக்கிழமை வேலையாக, மைத்துனரின் துணையோடு செய்து முடிக்கலாம் என்று எண்ணாதீர்கள். தொழில் அறிந்தவரிடம் விடுங்கள். வாடகை வீட்டினர் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியின்றி இதிற் கைவைக்கவே கூடாது.

காற்றோட்டத்துக்கு யன்னலை நாள்முழுதும் சரித்து வைப்பது தவறான முறை. அதனாற் சுவர் குளிர்கிறதேயன்றிக் காற்று போதிய அளவு மாறுவதில்லை. பாடம் முடிந்ததும் யன்னலை முழுமையாக ஐந்து நிமிடம் திறந்து மூடுங்கள். எதிர்ப்புற யன்னலும் திறந்தால் இன்னும் நன்று. அறையின் சூட்டை முற்றாக நிறுத்திவிடாதீர்கள்.

சிறு ஈரப்பதமானி ஒன்றை வாங்கி வையுங்கள்; விலை பெரிதன்று. 40 முதல் 60 வீதத்துக்குள் காட்டினால் வாத்தியத்துக்கும் நலம். கடுங்குளிரில் 50 வீதத்தைத் தாண்டவிடாதிருத்தல் சுவருக்கு நலம். ஈரம் மிகுந்தால் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கும்; மிகவும் வரண்டால் வயலினின் மரம் வெடிக்கும். ஆகையால் வாத்தியத்தைச் சூடாக்கியின் அருகிலும் வைக்கவேண்டாம்.

ஏற்கெனவே கரும்புள்ளி கண்டவர்கள் அதன்மேல் வர்ணம் பூசி மறைக்காதீர்கள். படம் எடுத்து, திகதியிட்டு, வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள். நீங்கள் காற்றோட்டம் செய்யவில்லை என்று அவர் சொல்லக்கூடும். ஈரப்பதமானி காட்டிய அளவுகளை நாள்தோறும் ஒரு கொப்பியிற் குறித்து வந்திருந்தால் அப்பொழுது உதவும். குறிக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுக்கலாம்.