புது சர்வர் வாங்கினா லைசென்ஸ் பில் ஏன் எகிறுது? 'கோர்' கணக்கு இதுதான்!

மருத்துவமனையில் பில் கவுன்ட்டர், லேப் ரிப்போர்ட், மருந்தகம் என எல்லாமே பின்னால் ஓடும் ஒரு சர்வரை நம்பித்தான் இருக்கின்றன. அந்த சர்வரில் 'விண்டோஸ் சர்வர் 2016' இருந்தால், அதற்கு ஒரு கெடு உண்டு. மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை நிறுத்தும் நாள் 2027 ஜனவரி 12.

சரி, புது சர்வர் வாங்கி மாத்திட்டா போச்சு என்று நினைத்தால், அங்கேதான் சிக்கல். மெஷின் விலையைவிட சாஃப்ட்வேர் லைசென்ஸ் பில் பலரை திகைக்க வைக்கிறது. ஏன்?

'கோர்' என்றால் என்ன?

புராசஸர் சிப்புக்குள் வேலை செய்யும் ஒவ்வொரு தனி மூளையும் ஒரு கோர். முன்பெல்லாம் விண்டோஸ் சர்வருக்கு எத்தனை புராசஸர் என்று பார்த்து காசு வாங்கினார்கள். ஒரே சிப்பில் கோர்கள் பெருகப் பெருக, 2016 பதிப்பில் இருந்து கோர் கணக்குக்கு மாறியது மைக்ரோசாஃப்ட். இன்று ஏஎம்டி நிறுவனத்தின் ஒரே சிப்பில் 192 கோர் வரை கிடைக்கிறது.

இதை சொத்து வரி மாதிரி புரிஞ்சுக்கலாம். வீட்டில் ரெண்டு ரூம் பூட்டிக் கிடந்தாலும் மொத்த வீட்டுக்கும்தான் வரி. அதேபோல சர்வரில் எத்தனை கோர் இருக்கோ, அத்தனைக்கும் லைசென்ஸ் வாங்கணும். குறைந்தபட்சம் ஒரு புராசஸருக்கு 8, ஒரு சர்வருக்கு 16 கோர் என்ற விதியும் உண்டு.

விர்ச்சுவல் மெஷினுக்கு எத்தனை?

ஒரே சர்வரை பல கம்ப்யூட்டர்களாகப் பிரித்து ஓட்டுவதுதான் விர்ச்சுவல் மெஷின். பில்லிங்குக்கு ஒண்ணு, லேபுக்கு ஒண்ணு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்.

'ஸ்டாண்டர்ட்' பதிப்பில் எல்லா கோர்களுக்கும் ஒருமுறை லைசென்ஸ் எடுத்தால், 2 விண்டோஸ் விர்ச்சுவல் மெஷின்களுக்கு உரிமை. இன்னும் 2 வேண்டுமா? எல்லா கோர்களுக்கும் மறுபடி முழுசா கட்டணும். 'டேட்டா சென்டர்' பதிப்பில் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை.

விண்டோஸ் சர்வர் 2025-ன் அமெரிக்கப் பட்டியல் விலைப்படி, 16 கோருக்கு ஸ்டாண்டர்ட் 1,176 டாலர். டேட்டா சென்டர் 6,771 டாலர். அதாவது ஒரு சர்வரில் 10 விர்ச்சுவல் மெஷின் வரை ஸ்டாண்டர்ட் லாபம். அதற்கு மேல் போனால் டேட்டா சென்டர்தான் மலிவு.

கணக்கு எங்கே இடிக்குது?

ஒரு மருத்துவமனைக்கு 4 விர்ச்சுவல் மெஷின் தேவை என்று வைத்துக்கொள்ளலாம். 16 கோர் சர்வர் என்றால் 2,352 டாலர். 'வேகமா இருக்கட்டும்' என்று 32 கோர் சர்வர் வாங்கினால், அதே 4 மெஷினுக்கு 4,704 டாலர். வேலை அதேதான், பில் மட்டும் டபுள்.

அடுத்தது ரொம்ப பேர் கவனிக்காத விஷயம். ஒரு சர்வர் படுத்தாலும் வேலை நிற்கக்கூடாது என்று இரண்டு சர்வர் வைப்பார்கள். ஒன்றில் 2, இன்னொன்றில் 2 என 4 மெஷின்தான் ஓடும். ஆனால் ஒன்று நின்றால் நான்கும் மற்றதில் ஓடணும் அல்லவா? அப்படியானால் இரண்டு சர்வரிலும் தலா 4 மெஷினுக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும். 32 கோர் சர்வர் இரண்டுக்கு 9,408 டாலர்! ஒரு சர்வரின் லைசென்ஸை அவசரத்துக்கு மற்றதுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றால், பொது விதிப்படி 90 நாளுக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும். சர்வர் நிரந்தரமாகப் பழுதானால் மட்டும் விலக்கு.

இதுபோக, சர்வரைப் பயன்படுத்தும் ஊழியர் அல்லது கருவி ஒவ்வொன்றுக்கும் 'கால்' எனப்படும் அனுமதி லைசென்ஸ் தனி.

மாற்று வழி இருக்கா?

2022 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஒரு வழியைத் திறந்தது. சந்தா அல்லது 'சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ்' வைத்திருப்பவர்கள், சர்வரின் கோர்களை விட்டுவிட்டு விர்ச்சுவல் மெஷினின் கோர்களுக்கு மட்டும் லைசென்ஸ் எடுக்கலாம். ஒரு மெஷினுக்கு குறைந்தபட்சம் 8. மேலே சொன்ன 4 மெஷினும் 8 கோருக்குள் இருந்தால், 32 கோர் லைசென்ஸ் போதும். பழைய முறையில் இரண்டு சர்வருக்கும் சேர்த்து 128 வேண்டும். ஆனால் சந்தாவைத் தொடர்ந்து கட்டிக்கொண்டே இருக்கணும்.

விஎம்வேர் விவகாரம் என்ன?

சர்வரைப் பிரித்துக் கொடுக்கும் சாஃப்ட்வேரில் பெரிய பெயர் விஎம்வேர். 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கி காலத்துக்கும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனை நிறுத்தப்பட்டு, கோர் கணக்கில் சந்தா வந்தது. ஒரு புராசஸருக்கு குறைந்தபட்சம் 16 கோர். 8 கோர்தான் இருக்கு என்றாலும் 16-க்குத்தான் பில். இதனால் பலர் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, புராக்ஸ்மாக்ஸ் போன்றவற்றின் பக்கம் பார்க்கிறார்கள்.

ஆனால் ஒன்று, விஎம்வேரை விட்டால் விண்டோஸ் பில் குறையாது. எதன் மேல் ஓடினாலும் விண்டோஸின் கோர் கணக்கு அதேதான். லினக்ஸில் ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு மட்டும் விண்டோஸ் லைசென்ஸ் தேவையில்லை.

கொட்டேஷன் வாங்கும் முன் கேட்க வேண்டியவை

மொத்தம் எத்தனை கோர்? விர்ச்சுவல் மெஷின்களில் எத்தனை விண்டோஸ், எத்தனை லினக்ஸ்? ஒரு சர்வர் நின்றால் எத்தனை மெஷின் அடுத்ததுக்குப் போகும்? இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, மெஷின் விலையோடு லைசென்ஸ் விலையையும் சேர்த்தே கேட்பது நல்லது. சர்வர் வந்து இறங்கிய பிறகு கோர்களைக் குறைக்க வழி தேடுவது சிரமம்.