ஒழுங்கையில் நிற்கும் தனியுடைமை

வேலிக் கதியாலை ஒரு விரற்கடை தள்ளி நாட்டியதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய புகழ் யாழ்ப்பாணத்துக்கு உண்டு. வேலிகள் மதிலாகிவிட்டன; தள்ளி நாட்டக் கதியால் இல்லை. எனவே எஞ்சியிருக்கும் பொது ஒழுங்கையில் மோட்டார் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகின்றனர். பின்வளவுக்காரர் வெளியேற வழியின்றி நிற்கிறார். வாய்ச்சண்டை பொலிசுக்கும், பொலிசிலிருந்து நீதிமன்றத்துக்கும் போகிறது.

இதனை அயலவரின் குணக்கேடு என்று சொல்லித் தப்பிக்கொள்ள நாம் ஆயத்தமாக இல்லை. 10 பரப்பு வளவு சீதனமாகவும் நன்கொடையாகவும் இரண்டிரண்டு பரப்பாகத் துண்டாடப்பட்டபோது, பின்துண்டுகளுக்கென ஓர் ஒடுங்கிய ஒழுங்கை விடப்பட்டது. மாட்டுவண்டி போனாற் போதும் என்பதே அன்றைய அளவு. உறுதியில் வழிக்கும் பங்கு எழுதினர், கிணற்றுக்கும் பங்கு எழுதினர். கிணற்றுப் பங்கில் ஒரு நியாயம் இருந்தது. முறை வைத்து இறைத்தார்கள். ஒருவர் இறைத்து முடித்தால் துலா மற்றவர் கைக்குப் போகும். வண்டிக்கோ முறையில்லை, இரவும் பகலும் அது அங்கேயே நிற்கிறது.

"எனக்கும் பங்குண்டு; என் பங்கில் நிறுத்துகிறேன்" என்கின்றனர் படித்தவர்கள். அவர்களுள் ஆசிரியர்களும் அடக்கம். பிரிபடாப் பங்கு என்றால் ஒழுங்கையின் ஒவ்வொரு சாணும் எல்லாப் பங்காளருக்கும் உரியது என்பதே பொருள். இன்ன மூலை இன்னாருடையது என எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. மற்றவர் காணிக்கு மேலாகப் பெற்ற வழியுரிமையாயின், அது போய்வருவதற்கானது. வண்டியைத் தரித்து வைக்க அது தானாக இடந்தராது.

இவரது முற்றத்தில் இடமில்லாமலும் இல்லை. அங்கே சீமெந்துத் தரையும் பூச்சாடிகளும் இருக்கின்றன. முற்றம் தனியுடைமை, ஒழுங்கை பொதுவுடைமை! பொதுவுடைமையை இவ்வளவு வசதியாக விளங்கிக்கொண்டவரை நாம் வேறெங்கும் கண்டதில்லை. மறிபடுபவர் யார்? தவணைக் கடனில் எடுத்த முச்சக்கரவண்டியோடு விடியுமுன் புறப்பட வேண்டியவர். நோயாளியைத் தூக்கிக்கொண்டு அம்புலன்ஸ் நிற்கும் தெருவரை ஓடவேண்டியவர். இன்ன சாதியார் இவ்வழியால் வரக்கூடாதென்று அடைத்துவைத்த சமூகத்துக்கு வழிமறிப்புப் புதிதன்றுதான்.

நீதிமன்றம் என்ன செய்யும்? 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்கீழ், சமாதானம் குலையலாம் என்று பொலிசார் அறிக்கையிட, விசாரணை தொடங்கும். மூன்று மாதத்துள் முடிக்க வேண்டுமென்பது விதி. முடிந்தாலும் அக்கட்டளை தற்காலிகமானதே. உரிமையைத் தீர்ப்பது மாவட்ட நீதிமன்றம். அங்கே வழக்கு நடக்கும் காலத்தில் வண்டி துருப்பிடித்துவிடும், பகை துருப்பிடிக்காது. 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. ஆனால் அங்கே போனால் விட்டுக்கொடுக்க வேண்டிவரும் என்பது நம்மவருக்குத் தெரியும்.

வருகிற சீதன உறுதி எழுதப்படும்போது, முன்துண்டிலிருந்து இரண்டு முழம் ஒழுங்கைக்கு விடப்பட வேண்டும்; அதில் எவரும் எதையும் நிறுத்துவதில்லை என்ற வாசகமும் சேர்க்கப்பட வேண்டும். மேடையில் நிலச் சீர்திருத்தம் பேசும் நண்பர்களுள் எத்தனை பேர் அந்த உறுதியில் கையெழுத்திடுவர்?