உறைந்த எண்ணெயும் உருகாத கோபமும்

மார்கழி பிறந்துவிட்டால் விடியற்காலையில் நம் வீடுகளில் மூளும் சண்டைகளில் பாதிக்குக் காரணம் தேங்காய் எண்ணெய்தான் என்றால் சிரிக்காதீர்கள். புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு இறங்காது. வாசலில் பள்ளிக்கூட வண்டி ஹாரன் அடிக்கிறது. பெண்ணோ தலையை விரித்துக்கொண்டு பின்னலுக்காக நிற்கிறாள். அம்மாவுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அந்தக் கோபத்தில்தான் ஆபத்து இருக்கிறது. அவசரத்தில் புட்டியை எரிகிற அடுப்பின் மேல் காட்டுகிறவர்கள் உண்டு. பிளாஸ்டிக் இளகி ஓட்டை விழுந்தால் எண்ணெய் நேரே நெருப்பில் கொட்டும். தயவு செய்து இதை மட்டும் செய்யாதீர்கள். குளிர்ந்த கண்ணாடிப் புட்டியைக் கொதிக்கிற நீரில் வைப்பதும் வேண்டாம், விரிசல் கண்டுவிடும்.

சரி, நல்லெண்ணெய் உறையாமல் இருக்கும்போது தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்? ஊதுவத்திகளை அடுக்கிப் பாருங்கள். நேராக இருப்பதால் நெருக்கமாகப் படிந்துவிடும். கோணல் மாணலான சுள்ளிகள் அப்படிப் படியுமா? தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் பெரும் பகுதி ஊதுவத்தி ஜாதி. 24 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே போனால் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிக்கொள்ளத் தொடங்குகிறது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் சுள்ளி ஜாதி. அவை கட்டியாக இன்னும் எவ்வளவோ குளிர் வேண்டும்.

ஆகவே, உறைந்த எண்ணெய் கெட்டுப் போன எண்ணெய் அல்ல. உருக்கினால் பழைய குணம் அப்படியே இருக்கும். வீணாகக் கொட்டிவிடாதீர்கள், கடைக்காரரோடு சண்டைக்கும் போகாதீர்கள். உண்மையில், நல்ல குளிரிலும் உறையாத தேங்காய் எண்ணெயைத்தான் சந்தேகப்பட வேண்டும். கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் ஊற்றிப் பிரிட்ஜில் அரைமணி நேரம் வையுங்கள். அசல் சரக்கு உறையும். வேறு எண்ணெய் கலந்திருந்தால் அது உறையாமல் தனியாக நிற்கக் காணலாம்.

இனி, சில யோசனைகள்:

குறுகிய வாய்ப் புட்டியில் எண்ணெய் வைப்பதை விடுங்கள். அகன்ற வாயுள்ள எவர்சில்வர் டப்பாவிலோ கண்ணாடி ஜாடியிலோ ஊற்றி வைத்தால், உறைந்தாலும் கரண்டியால் எடுக்கலாம். கரண்டியில் ஈரம் இருக்கக் கூடாது; நீர் பட்டால் சீக்கிரம் காறல் வாடை வந்துவிடும்.

அன்றாடம் வேண்டியதை மட்டும் சிறு கிண்ணத்தில் எடுத்து, குளிக்கும் வெந்நீரில் சிறிது நேரம் மிதக்க விடுங்கள். முழு டப்பாவையும் தினம் சூடாக்கி ஆற்றிக்கொண்டிருந்தால் எண்ணெய்க்குத்தான் கேடு.

டப்பாவுக்குக் கம்பளி சுற்றிப் பயனில்லை. நமக்கு உடம்பில் சூடு உண்டு, எண்ணெய்க்கு ஏது? உறைவது சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான்.

தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் கொஞ்சம் நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ கலந்து வைத்தால் கல்லாக இறுகாமல் இளகலாக இருக்கும். சமையல் எண்ணெயில் இந்தக் கலப்படம் வேண்டாம்.

குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கரண்டியை அடுப்பில் காட்டி உருக்கினால், கட்டி முழுதும் கரையும் முன்பே உருகிய எண்ணெய் கடுமையாகச் சூடேறிவிடும். பிஞ்சு உடம்பு தாங்குமா? வெந்நீரில் வைத்தே உருக்குங்கள். முழுதும் உருகியபின் நன்றாகக் கலக்கி, உங்கள் மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

சென்னைவாசிகளுக்கு ஓர் ஆறுதல்: மத்தியான வெயில் ஏறியதும் எண்ணெய் தானே வழிக்கு வந்துவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குடித்தனம் செய்கிறவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவர்கள் இந்தக் குளிர்காலம் முழுவதும் ஜாடியும் கரண்டியுமாக இருப்பதே உத்தமம்!